பவனியின் வால் வரைக்கும்

இப்போதெல்லாம் அன்ஜிக்கோ ஊரில் ஒருத்தன் வீட்டு வாசலில் நின்று இன்னொருத்தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. தெருமுனையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு ஹாரனை அமுக்குகிறான். உள்ளே இருப்பவன் எட்டிப் பார்ப்பதில்லை. பாட்டுப் பெட்டியின் சத்தத்தை ஒரு திருகு கூட்டி, 'இருக்கேன்' என்று தெரியப்படுத்துகிறான். காதலும் சத்தம், சண்டையும் சத்தம். இளவட்டங்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே சுவர் மாதிரி ஸ்பீக்கரை அடுக்கி, ஆட்டுச் சந்தைக்குள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் கைதட்டிச் சிரிக்கிறார்கள். மனுசன் காதை மனுசனே மதிக்கவில்லை என்றால் ஆடா மதிக்கும்?

இது அனீசியோ கிழவரின் புலம்பல். சத்தத்திலேயே சோறு தின்றவர் இதைச் சொல்கிறாரே என்று ஊரில் சிரிப்பார்கள். அவர் விடமாட்டார். "நான் போட்டது சத்தம் இல்லடா, சேதி" என்பார்.

அதுவும் பொய்யில்லை. கூரையில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டிய அவருடைய பழைய நீளக் கார் தெருவில் நுழைந்தால் பெண்கள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வாசலுக்கு வருவார்கள். யார் செத்தது, அடக்கம் எத்தனை மணிக்கு, யாருடைய கழுதை காணாமல் போனது, எந்த ஆலையில் புது மரவள்ளி மாவு வறுத்து இறக்கியிருக்கிறது, எல்லாம் அந்தக் காரில்தான் வரும். ஓட்டுவது அனீசியோ. பக்கத்தில் மைக்கைப் பிடித்துப் பேசுவது அவர் மனைவி சுல்மீரா. காருக்கு ஊர் வைத்த பெயர் சிரியேமா. முள்காட்டில் நெட்டைக் காலோடு திரிகிற பறவை அது. கத்தினால் நாலு வேலி தாண்டிக் கேட்கும்.

ஆனால் சிரியேமாவின் பெரிய நாள் ஆடி மாதத்து அன்னம்மாள் திருவிழாதான். மாலையில் சுரூபத்தைத் தோளில் தூக்கிப் பவனி கிளம்பும்போது பங்குச் சாமியாருக்குப் பின்னாலேயே, சுரூபத்துக்கு முன்னால் போவது சிரியேமா. சுல்மீரா மைக்கில் பாட்டை எடுத்துக் கொடுப்பாள், கூட்டம் வாங்கிப் பாடும். கோவிலில் இருந்து கடைத்தெரு, அங்கிருந்து சிலுவை நிற்கிற குருசடி மேடு ஏறி, சுற்றி மறுபடி கோவில். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். முன்னால் பட்டுத் துண்டு போட்ட சபைக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள். கடைசியில் செர்ரோட்டி மலையடிவாரத்தில் இருந்து ஆடு மேய்க்கிற சனம், பொழுது விடியுமுன் கிளம்பிப் புழுதிக் காலோடு நடந்து வந்து சேருவார்கள். அவர்கள் சேரும்போது முன்வரிசை எல்லாம் நிரம்பியிருக்கும். அவர்களை ஊர் 'வால்' என்று சொல்லும். அனீசியோ வாலில் பிறந்தவர்.

வாலுக்குப் பாட்டு கேட்காது. முன்னால் இருக்கிறவன் பாடுவதை நடுவில் இருப்பவன் கேட்டு, அவன் பாடுவதை இவர்கள் கேட்டுப் பாட வேண்டும். அதனால் வால் எப்போதும் ஒரு வரி பின்தங்கியே வரும். முன்னால் 'ஆமென்' சொல்லி முடித்து அமைதியாக நிற்கும்போது, பின்னால் இருந்து தனியாக 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று வந்து சேரும். முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

போன வருஷம் அதற்கும் வழியில்லாமல் போயிற்று. குருசடி மேட்டில் பாதி ஏறும்போது சிரியேமாவின் குரல் கம்மி, இழுத்து, நின்றுவிட்டது. முன்விளக்கு மஞ்சளாகி அணைந்தது. பாட்டு இல்லாத பவனி மந்தை மாதிரி குழம்பியது. சுல்மீரா கீழே இறங்கித் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே நடந்து வந்து ஒப்பேற்றினாள். அப்புறம் அவளுக்குக் குரலே எழும்பவில்லை, வெகு நாளைக்கு.

இந்த வருஷம் திருவிழாச் சபை கூடியபோது மருந்துக்கடை துர்வால் எழுந்து சொன்னார். அவர்தான் சபைத் தலைவர்.

"அனீசியோ அண்ணன் மேல மரியாதை உண்டு. ஆனா காலம் மாறிப்போச்சு. கடற்கரை டவுன்ல சவுண்ட் லாரி வச்சிருக்கான், வீடு மாதிரி. அதை வரச் சொல்லிடுவோம்."

"அந்த வீடு குருசடிச் சந்துல திரும்புமா?" என்று அனீசியோ உட்கார்ந்தபடியே கேட்டார். "இல்ல, அன்னம்மாளையே டவுனுக்குத் தூக்கிட்டுப் போயிரலாமா?"

சபை சிரித்தது. துர்வாலும் சிரித்துத்தான் வைத்தார். சாமியார் எவால்தோ, ஊருக்குப் புதுசு, இளம் வயது, குறுக்கே வந்தார். "சந்தைக்கிழமை சிரியேமா பாடிக் காட்டட்டும். கேட்டுட்டு முடிவு பண்ணுவோம். என்ன பெரியவரே?"

அனீசியோ பதில் சொல்லுமுன் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. "பாடும் சாமி. வால் வரைக்கும் கேக்கும்."

அவருடைய மகள் மார்லூசிதான்.

மார்லூசிக்கு இருபத்தைந்து தாண்டிவிட்டது. தடித்த அடி வைத்த பூட்சும், கிரீஸ் ஏறிய கால்சட்டையும்தான் அவள் உடுப்பு. பள்ளிக்கூடம் விட்டதில் இருந்து கார்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறாள். சந்தையில் ஆட்டை மிரட்டுகிற இளவட்டக் கார்களில் பாதிக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவள் அவள்தான். அந்த விஷயத்தில் அப்பனுக்கும் மகளுக்கும் வருஷக் கணக்காகப் பேச்சு சுமுகமில்லை.

"வாயைக் குடுத்துட்டு வந்துட்டியே, என்னத்த வச்சுப் பாட வைக்கப் போற?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டார்.

"போன வருசம் ஏன் நின்னுச்சுன்னு நெனைக்கிற?"

"பேட்டரி செத்துப்போச்சு."

"ஏன் செத்துச்சு? நீ நடக்குற வேகத்துல ஓட்டுற. என்ஜின் சும்மா முனகிக்கிட்டு இருக்கு. அந்த முனகலுக்கு நம்ம டைனமோ ஒரு சொட்டு கறக்காது. சத்தம் பூரா பேட்டரியை உறிஞ்சித்தான் வருது. மேட்டுக்குப் போறதுக்குள்ள வத்திப்போச்சு."

"அப்ப சத்தத்தைக் கொறச்சிக்க."

"கொறச்சா வாலுக்குக் கேக்காதேப்பா."

"இம்புட்டு வருசம் கேக்கலதான். எவனும் செத்துப் போயிரல."

மார்லூசி மறுநாள் விடிந்ததும் பக்கத்து ஊர் பழைய இரும்புக் கடைக்குப் போய், உடைத்துப் போட்ட ஆம்புலன்ஸ் ஒன்றின் டைனமோவை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளையைக் கொண்டு வருகிற மாதிரி கொண்டு வந்தாள் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் முற்றத்தில் உம்பு மரத்தடியில் நடந்தது ஒரு பிரசவம்தான். சாரல் மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சிரியேமாவின் என்ஜின் மூடியைக் கழற்றி மரத்தில் சாய்த்துவிட்டு, மார்லூசி பாதி உடம்பை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸ் டைனமோ பழைய இடத்தில் உட்காரவில்லை. பழைய கேட்டின் இரும்புப் பட்டையை வெட்டி, காய்ச்சி, வளைத்து, ஓட்டை போட்டு அதற்கு ஒரு மடி செய்தாள். என்ஜின் முனகும்போதே டைனமோ வேகமாகச் சுற்ற வேண்டும் என்று பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தைச் சின்னதாகக் கடைந்து மாட்டினாள். பெல்ட் நீளம் போதவில்லை, மறுபடி பஸ். காரின் பின்னால், சுல்மீரா வெங்காயம் போட்டு வைத்திருந்த பழைய ஆப்பிள் பெட்டியைக் காலி செய்து, அதில் இரண்டாவது பேட்டரியை இறக்கிக் கட்டினாள். முன்னால் இருந்து பின்னால் வரைக்கும் வெல்டிங் கேபிளை இழுத்தாள். கட்டைவிரல் தடிமன்.

அனீசியோ தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து மாட்டுத்தோல் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பைப் போட்டு நடப்பாரே ஒழிய, காரில் ஏறினால் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவார். வெறுங்காலோடு ஓட்டினால்தான் வண்டி என்ன நினைக்கிறது என்று தெரியும் என்பார்.

"இது கார் இல்ல. கரண்டு ஆபீஸ்" என்றார்.

"அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."

"ஆம்புலன்ஸ்ல இருந்து எடுத்ததுங்கிற. எத்தனை பேரு செத்த வண்டியோ."

"பொழைச்சவங்களும் அதுலதான் போயிருப்பாங்க. ஸ்பேனரு."

எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே பார்த்தார். கேபிள் முனை ஒவ்வொன்றும் செம்புக் கொண்டியில் நசுக்கி, ஈயம் ஊற்றி, சிவப்புத் துணிநாடா சுற்றியிருந்தது. ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சுல்மீரா பாவாடைக்கு ஓரம் அடிப்பதுபோல இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவர். "இம்புட்டு தடியா எதுக்கு? காளை கட்டவா?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

சுல்மீரா தட்டில் சோளப் புட்டும் சுட்ட பாலாடைக்கட்டியும் கொண்டு வந்து மகளுக்கு ஊட்டிவிட்டாள். மகளின் கை அந்த லட்சணத்தில் இருந்தது.

"கண்ணு, எனக்குக் கத்த வேண்டி வராதில்ல?"

"நீ குசுகுசுன்னு பேசும்மா. போதும்."

சந்தைக்கிழமை வந்தது. மரவள்ளி மாவு மூட்டைகளுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் நடுவில் சிரியேமா நின்றது. துர்வால் கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார், லாரிக்காரனுக்குச் சொல்ல. சாமியார் வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அனீசியோ செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மார்லூசி பின்னால் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு திருகைத் திருகினாள். சுல்மீரா மைக்கை வாயருகே கொண்டுபோய், சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, "அன்னம்மாளே, வாழ்க" என்றாள்.

சந்தை நின்றுவிட்டது. தராசைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான். அலறல் இல்லை, சுல்மீராவின் குரல்தான், அவளுடைய மூச்சுகூடத் தெரிந்தது. ஆனால் அது நாலு திக்கிலும் நின்றது. சந்தைக் கோடியில், பானை விற்கும் வளைவில் இருந்து ஒரு கிழவி "வாழ்க!" என்று பதில் கொடுத்தாள்.

நடக்கிற வேகத்தில் சந்தையைச் சுற்றி வந்தார்கள். பாட்டு முழுக்க. மறுபடி ஒரு சுற்று. குரல் இறங்கவில்லை, விளக்கு மங்கவில்லை. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். துர்வால் கைபேசியைப் பைக்குள் போட்டார். அது போதும்.

"சரி, அண்ணே. பவனிக்கு உம்ம வண்டிதான். ஒத்துக்கறேன்" என்று சன்னல் பக்கம் வந்து கையை நீட்டினார்.

அனீசியோ கையைப் பிடிக்கவில்லை. காலைத் தூக்கி உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக்சிலேட்டர் சுடுது" என்றார்.

"என்னது?"

"மிதிக்கிற கட்டை சுடுது. என்னமோ சரியில்ல."

துர்வால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "கேட்டீங்களா? பாட்டு நல்லாருக்கு, மேளம் நல்லாருக்கு, நம்ம அண்ணனுக்குக் கால் சுடுதாம்!"

சந்தையே சிரித்தது. ஏன் சிரிக்காது? குறை சொல்லாமல் அனீசியோ எதையும் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. மழை பெய்தால் ஈரம் என்பார், பெய்யாவிட்டால் புழுதி என்பார். "சாக்ஸ் பின்னிக் குடுங்கடி யாராச்சும்" என்று மாவு விற்கிறவள் கத்தினாள். "வெயில்ல நின்ன வண்டி பின்ன குளுருமா தாத்தா?" என்றான் ஒருத்தன்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுல்மீரா சோளத்தோட்டில் கட்டி அவித்த இனிப்பு மாவைப் பிரித்து வைத்தாள். ஆவி பறந்தது. தொடுவாரில்லை.

"நான் ஓட்டல" என்றார் அனீசியோ.

மார்லூசி நிமிர்ந்தாள். "என்ன?"

"சுடுற வண்டிய நான் ஓட்டல. லாரியக் கூப்பிடச் சொல்லு."

"வெயில்ல நின்னுச்சுப்பா! இரும்பு சுடத்தான் செய்யும்."

"வெயில்ல நின்னா மேக்கூரை சுடும், சீட்டு சுடும். காலுக்கடியில இருக்கிறது மட்டும் சுடுமா? மொதல் சுத்துல ஒண்ணுமில்ல. ரெண்டாவது சுத்துலதான் சுட்டுச்சு. நீ சத்தத்தைக் கூட்டக் கூட்டச் சுட்டுச்சு."

"உனக்கு என் வேலை புடிக்கல. அதைச் சொல்லு. ஊரே கைதட்டுச்சு. நீ காலத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்க. நான் பையனாப் பொறந்து இதைச் செஞ்சிருந்தா தோள்ல தூக்கிட்டுப் போயிருப்ப."

"பையனாப் பொறந்திருந்தா இந்நேரம் செவிட்டுல ஒண்ணு வச்சிருப்பேன். நான் சொல்றது வண்டியப் பத்தி."

"நானே ஓட்டிக்கிறேன் போ."

"ஓட்டு. குருசடி மேட்டுல, முன்னால சாமியாரு, பின்னால சுரூபம். கிளட்ச் வழுக்காம நடை வேகத்துல ஏத்திரு, பாப்போம்."

சுல்மீரா தட்டை நகர்த்தி வைத்தாள். "போன வருசம் கத்துனது நானு. குரல் போனது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் எதுக்குக் கத்துறீங்க?" என்றாள். மாவு ஆறிப்போயிற்று.

காலையில் பனி விலகுமுன்னே மார்லூசி சாவியை எடுத்துக்கொண்டு போனாள். ஓட்டிப் பழக வேண்டுமே. முற்றத்திலேயே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பாட்டைப் போட்டுவிட்டு என்ஜினை முனக விட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை. எங்கேயும் சுடவில்லை. அப்பன் வேண்டுமென்றேதான் சொல்லியிருக்கிறான் என்று ஸ்டியரிங்கைக் குத்தினாள்.

சுல்மீரா காப்பியோடு வந்து சன்னலில் சாய்ந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அந்த மனுசன் பூட்ஸ் போட்டா ஓட்டுறாரு?" என்று கேட்டாள்.

மார்லூசி அம்மாவைப் பார்த்தாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். ரெண்டு விரல் கனத்துக்கு ரப்பர். பூட்ஸைக் கழற்றி வெளியே எறிந்தாள். வெறுங்காலை ஆக்சிலேட்டரில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காலையின் குளிரில், பனியில் நின்ற வண்டியில், அது வெதுவெதுப்பாக இருக்க நியாயமே இல்லை. சத்தத்தைக் கூட்டினாள். காப்பி ஆறுமுன் சூடு பொறுக்காமல் காலை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளு."

ஆக்சிலேட்டரில் இருந்து என்ஜினுக்குப் போகிற கம்பிக் கேபிளின் மேல்தோல் வழிநெடுக உருகிப் பல்லிளித்திருந்தது. உள்ளே கம்பி சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மார்லூசி பாய் விரித்து வண்டிக்கு அடியில் போனாள். என்ஜினையும் காரின் உடம்பையும் சேர்த்துக் கட்டுகிற எர்த் பட்டை ஒன்று இருக்கும், பின்னல் சடை மாதிரி. அதைத் தேடினாள். எண்ணெய்ச் சேறு கெட்டியாகப் படிந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாள். பட்டை கையோடு வந்தது. ரெண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை. அனீசியோ வந்து பூட்ஸ் இல்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்துட்டியா?"

"அப்பா." குரல் அடியில் இருந்து வந்தது. "போற ஒயரை எல்லாம் பாத்துப் பாத்து இழுத்தேன். வர்ற வழியப் பாக்கல."

"எது வர்ற வழி?"

"கரண்டு ஒரு பக்கமாப் போகாது. டைனமோவுல இருந்து பின்னால போயிட்டு, கார் உடம்பு வழியா திரும்பி என்ஜினுக்கு வந்து சேரணும். பாதை அறுந்து கெடந்திருக்கு. பழைய டைனமோ காலத்துல தண்ணி கொஞ்சம், எப்படியோ ஒழுகி வந்துச்சு. இப்ப ஆறு மாதிரி வருது. வழி இல்லாம உன் ஆக்சிலேட்டர் கம்பில ஏறி வந்திருக்கு. அதான் சுட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னும் ஒரு மணி நேரம் பாடியிருந்தா கம்பி உறையோட ஒட்டிக்கிட்டு இருக்கும். காலை எடுத்தாலும் வண்டி நிக்காது. முன்னால சாமியாரு..."

அனீசியோ அதை முடிக்க விடவில்லை. "சரி, சரி. கேபிள் மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"பின்ன என்ன அடியில படுத்துப் பிரசங்கம்? காளை கட்டுற தடிமன்ல கட்டு."

அப்புறம் குரலைத் தணித்து, சேற்றுத் தரையைப் பார்த்துச் சொன்னார். "கண்டுபுடிச்சிட்டியே. எந்தப் பய கண்டுபுடிப்பான்."

அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அடியில் இருந்து சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பைத் தெரிய வைத்து, வெல்டிங் கேபிளை ஒன்றுக்கு ரெண்டாகப் போட்டு முறுக்கினாள். புது ஆக்சிலேட்டர் கம்பி போட்டாள். பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு அப்பனை ஏற்றி உட்கார வைத்தாள். அவர் உள்ளங்காலைக் கட்டையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நவநாள் ஜெபம் முடிகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தார்.

"குளுருது" என்றார் குறையாக.

அன்னம்மாள் நாளன்று வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. வெயில் சாய்ந்ததும் வேட்டு வெடித்துப் பவனி கிளம்பியது. சிரியேமாவைச் சுல்மீரா காகிதப் பூ கட்டி ஜோடித்திருந்தாள். மார்லூசி திருவிழாவுக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தாள், காலில் ஒன்றுமில்லை. பின்னால், பெட்டிகளுக்கு நடுவே, வெறும் பாதத்தைத் தகரத்தில் பதித்து உட்கார்ந்திருந்தாள். வால் எங்கேயோ பானைக்கடை வளைவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

சுல்மீரா பாட்டை எடுத்தாள். கூட்டம் வாங்கியது. அனீசியோ பத்தடி முன்னால் போகும் சாமியாரின் முதுகைப் பார்த்தபடி ஓட்டினார். கடைத்தெரு தாண்டியது. குருசடி மேடு வந்தது. கிளட்ச் பாதி, ஆக்சிலேட்டர் ஒரு மயிரிழை. சிரியேமா கர்ப்பிணி படியேறுகிற பதனத்தில் ஏறியது. போன வருஷம் குரல் கம்மிய இடம் வந்தது. சுல்மீரா ஒரு நொடி மைக்கை இறுகப் பிடித்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அந்த இடமும் தாண்டியது. விளக்கு மல்லிகை மாதிரி வெள்ளையாக எரிந்தது.

மேட்டின் உச்சியில், குருசடி முன்னால், ஜெபத்துக்கு நிற்பது வழக்கம். நின்றார்கள். பிரார்த்தனை சொல்லி ஆமென் முடிந்தது.

அனீசியோ சன்னலில் காதை வைத்துக் காத்திருந்தார். வருஷா வருஷம் இந்த இடத்தில் அவர் காத்திருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். எல்லாரும் அடங்கின பிறகு கீழே இருந்து தனியாக ஏறி வரும் வாலின் குரல். முன்வரிசை சிரிக்கும். அவர் சிரித்ததில்லை. அதில் அவருடைய ஆத்தாளின் குரல் இருந்தது ஒரு காலத்தில், தம்பிமாருடையது இருந்தது.

வரவில்லை.

"சுல்மீரா. வால் பாடல."

"என்ன?"

"பின்னால ஒருத்தரும் பாடல. போயிட்டாங்களா? சத்தம் தாங்காமத் திரும்பிட்டாங்க போல. நான் அப்பவே சொன்னேன்." கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

பின்னால் இருந்து மார்லூசி முன் சீட்டுக்கு எக்கி வந்தாள். "அப்பா! எங்க போற? வண்டிய விட்டுட்டு? அவங்க பாடிட்டாங்கப்பா."

"எங்க பாடுனாங்க? எனக்குக் கேக்கலியே."

"நம்மகூடவே பாடிட்டாங்க. அதான் தனியாக் கேக்கல."

அனீசியோ மகளின் முகத்தைப் பார்த்தார். கன்னம் நனைந்து பளபளத்தது. அவர் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். சுல்மீரா அடுத்த வரியை எடுத்தாள். மேட்டின் மேலும் கீழும், கடைத்தெரு வரைக்கும் அதற்கப்பாலும், ஒரே வாயாக அது எழும்பியது. அனீசியோ வண்டியை நகர்த்தினார். கழுத்து நிமிர்ந்திருந்தது. புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று ஓரத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

கோவில் முன்னால் வந்து நின்றதும் ஊரே மார்லூசியைச் சூழ்ந்துகொண்டது. துர்வால் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். சாமியார் டைனமோவைப் பார்க்க வேண்டும் என்றார். மூடியைத் திறந்து காட்டினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு செர்ரோட்டிக் கித்தேரியா கிழவி வந்தாள். அனீசியோவுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. ஆட்டுப்புழுக்கை ஒட்டின செருப்பு, கையில் ஊன்றுகோல்.

"டே அனீசியோ, இந்த வருசம் ஆமென் சாமியாரோட சேந்து சொன்னேன்டா. முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல. சரியா" என்றாள். "ஒம் மவ கெட்டிக்காரி."

"கொஞ்சம் சத்தம் சாஸ்தி" என்றார் அனீசியோ.

"போடா, செவிட்டுப் பயலே."

"கடைசி வரைக்கும் கேட்டுச்சுங்கிற. நீ வாலுக்குக் கடைசியா? உனக்குப் பின்னால எத்தனை பேரு இருந்தாங்க? அவங்களுக்குக் கேட்டுச்சா? அவங்களக் கேட்டியா?"

கித்தேரியா ஊன்றுகோலைத் தூக்கினாள். அவர் நகர்ந்துவிட்டார்.

ஆட்டத்துக்கு மேளமும் கைத்துருத்தி வாத்தியமும் தொடங்கியிருந்தன. சோளம் சுடும் புகை கண்ணைக் கரித்தது. மார்லூசி இளவட்டங்களுக்கு நடுவில் எர்த் பட்டை எங்கே இருக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் போய் மொதல்ல பூட்ஸக் கழட்டுங்கடா" என்பது அவர் காதில் விழுந்தது. அனீசியோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செர்ரோட்டிப் பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

பானைக்கடை வளைவு தாண்டினார். சிரியேமாவின் பாட்டு கேட்டது. கடைசி வீடு தாண்டினார். கேட்டது. இது பள்ளம், சத்தம் இறங்கி வரும், இதை எண்ணிக்கொள்ளக் கூடாது என்று கல்லறைச் சுவரைத் தாண்டி மேட்டில் ஏறினார். மேற்கே வானம் சிவந்து, முள்காடு கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே நின்று திரும்பினார். கோவில் தீப்பெட்டி அளவு தெரிந்தது.

பாட்டு நின்றது. ஒரு கரகரப்பு. பிறகு சுல்மீராவின் குரல், பக்கத்தில் நின்று சொல்வதுபோல வந்தது.

"ஒரு அறிவிப்பு. சிரியேமா ஓட்டுநர் அனீசியோ எங்க இருந்தாலும் திரும்பி வரவும். மக சாப்பிடாம இருக்கா. புட்டு ஆறுது."

ஊர் முழுக்கச் சிரிக்கும் சத்தமும் பின்னாலேயே வந்தது.

அனீசியோ செருப்பைத் தரையில் போட்டுக் காலை நுழைத்தார். வார் இறுக்கமாக இருந்தது, நல்ல தையல்தான்.

"கேக்கல" என்று இருட்டப்போகும் காட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த வேலி வரைக்கும் பார்த்துவிடலாம் என்று இன்னும் கொஞ்சம் நடந்தார்.